இந்தி அரசனுக்குக் கண் வந்த கதை

நான் சிறுமியாயிருந்தபோது தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துக்கே ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான். அது என் தோழியின் வீட்டில் இருந்தது. அவளுடைய அத்தா துறைமுகத்தாருக்குக் கயிறு விற்பவர். ஞாயிறு காலையில் ஓர் இந்தித் தொடர் வரும். கண்ணில் கட்டுடன் காடெல்லாம் அலைகிற ஓர் அரசனின் கதை. அங்கே கூடியவர்களில் எவருக்கும் இந்தி தெரியாது.

கதை சொல்லும் பொறுப்பை நானே ஏற்றேன். எனக்கும் இந்தி தெரியாது, பதிகங்கள் தெரியும். திருவொற்றியூரில் மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கண்ணிழந்து, ஊர் ஊராகப் பாடி, காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் பெற்ற அடியாரின் வரலாற்றை அந்த அரசனுக்குச் சூட்டினேன். அவன் வாயசைத்த போதெல்லாம் இறைவனிடம் முறையிட்டான். சந்தே உருகியது. தொடர் முடியுமுன் பெட்டி பழுதாயிற்று. முடிவையும் நானே சொன்னேன்.

இப்போது அத்தொடரைத் தமிழில் திரைப்படமாக்கியிருக்கிறார்கள். தோழிக்கு இரு கண்ணிலும் புரை. அஞ்சி அஞ்சி அறுவைச் சிகிச்சையைத் தள்ளிக்கொண்டே வந்தாள். "அந்த ராஜாவப் பாத்தா தெகிரியம் வரும், இட்டுக்கினு போமே" என்றாள்.

இடைவேளைக்கு முன்பே அரசன் கட்டை அவிழ்த்தெறிந்து வசனம் பேசினான். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியுமாம். உளவறியப் போட்ட வேடமாம்.

"இன்னாமே இது? எங்க வூட்ல குந்திகினு எங்களுக்கே ரீல் வுட்டியா? போ, நான் ஆஸ்பத்திரிக்கு வர்ல."

எனக்கு வெட்கமேதும் தோன்றவில்லை. அந்தப் பெட்டியில் இருந்தவன் யாராயினும், யாருடைய பதிகங்களைக் கேட்டு நான் வளர்ந்தேனோ அவர் பொய்யர் அல்லர்.

"இவன் வேஷக்காரன். நான் சொன்னவருக்குக் கண்ணு நெஜமாவே போச்சு, நம்ம ஒத்தியூர்லயே. நெஜமாவே வந்துச்சு. மொதல்ல ஒண்ணு, அப்புறம் ஒண்ணு."

அவள் திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரும் அப்டித்தான் சொன்னாரு. மொதல்ல ஒண்ணு, அப்பால ஒண்ணுன்னு."

மறுவாரம் மருத்துவமனையில் பச்சை அங்கியுடன், கண்ணில் சொட்டு மருந்து வழிய, என் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். "காஞ்சிபுரத்துலேர்ந்து சொல்லு" என்றாள். சொன்னேன். பாதியில் செவிலிப் பெண் வந்து அவளை அழைத்தாள்.

"இரும்மா," என்றாள் தோழி, எழாமலே. "ராஜாவுக்கு ஒரு கண்ணு வந்துகினு கீது. வந்ததும் நானே வரேன்."