ரங்கூன் சந்தனம்

என் பெட்டியின் அடியில் ஒரு சிறு மரத்துண்டு கிடக்கிறது. பார்ப்பவர்கள் சந்தனம் என்பார்கள், முகர்ந்து பார்த்துவிட்டு இல்லை என்பார்கள். அது தனக்கா என்ற மரம். பர்மாப் பெண்கள் கல்லில் உரைத்துக் கன்னத்தில் வட்டமாகப் பூசிக்கொள்வது. என்னைப் பெற்றவள் பர்மாக்காரி. ரங்கூனில் குண்டு விழத் தொடங்கியபோது நைனா என்னைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார். படுத்த படுக்கையாய்க் கிடந்த தன் தகப்பனை விட்டுவர முடியாமல் அம்மா தங்கிவிட்டாள். துறைமுகத்தில் இந்தக் கட்டையை என் கையில் வைத்து, இது தீர்வதற்குள் வந்துவிடுவேன் என்றாள்.

வேப்பம்பட்டில் என்னை வளர்க்கும் பொறுப்பு நைனாவின் அக்காள் தலையில் விழுந்தது. நைனா ஆவடி மிலிட்டரி கேம்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அத்தைக்கு வாயும் நீளம், கையும் நீளம். நான் கன்னத்தில் பூசிக்கொண்டு வந்து நின்ற முதல் நாளே முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "இன்னாடி இது வேசம்? கூத்து கட்டப் போறியா? பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?" அழுகையாக வந்தாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பூசாவிட்டால் கட்டை தீராது, அம்மா வருவதற்கு இன்னும் நாள் கிடைக்கும். தகரப் பெட்டியில் பாவாடைக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

ஆடியில் எல்லையம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள் வந்தது. அந்த வருஷம் சந்தனம் எங்கள் வீட்டு முறை. யுத்த காலத்தில் சந்தனக்கட்டைக்கு எங்கே போவது? தேடி அலுத்த அத்தையின் கண்ணில் என் பெட்டி பட்டது. தம்பி ரங்கூனிலிருந்து கொண்டுவந்த உயர்ந்த சரக்கு என்றே நம்பிவிட்டாள். குளித்துவிட்டு நான் கோயிலுக்கு ஓடியபோது, அம்மனின் இரண்டு கன்னத்திலும் என் அம்மாவின் வாசனை அப்பியிருந்தது. பூசாரி மூக்கைச் சுளித்தார். "இன்னாம்மே, வாசனை வேற மாரி கீதே?" அத்தை விடுவாளா? "ரங்கூன் சந்தனம்னா அப்பிடித்தான்!"

கிண்ணத்தருகே கிடந்த துண்டைப் பார்த்தேன். பாதிக்கு மேல் போயிருந்தது. தரையில் விழுந்து புரண்டேன். எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் மறந்துபோய் பர்மா மொழிதான் வந்தது. சாமி வந்துவிட்டது என்று இரண்டு பேர் வேப்பிலையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கூழ் குடிக்க வந்திருந்த நைனா மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் அத்தைக்கு விஷயத்தைச் சொன்னார். அத்தை மிச்சத் துண்டை எடுத்து முந்தானையால் துடைத்து என் கையில் வைத்தாள்.

மறுநாள் காலையில் பூலாங்கிழங்கை உரைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "உங்கம்மா எப்பிடிப் பூசுவா, காட்டு." காட்டினேன். என் கன்னத்தில் பூசிவிட்டு, மிச்சத்தைத் தன் கறுத்த கன்னங்களிலும் அதேபோல் வட்டமாகப் பூசிக்கொண்டாள். "அந்தக் கட்டையை இனிமே யாரும் தொட மாட்டாங்க. அவ வர்ற வரிக்கும் தீராது, போ." அதே முகத்தோடு என்னைக் கைப்பிடித்து நடவுக்குக் கூட்டிப்போனாள். வயலே சிரித்தது. "இன்னாக்கா, நீயும் கப்பலேறிட்டியா?"

"எங்கூட்டுப் பழக்கம் இது. உனுக்கின்னா வந்துச்சு?" என்றாள் அத்தை. அதன் பிறகு என்னை யாரும் கேலி செய்யவில்லை.

கட்டை தீரவில்லை. அம்மாவும் வரவில்லை. யுத்தம் முடிந்து நைனா எத்தனையோ பேரிடம் விசாரித்தார், ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அத்தை போய்ச் சேர்ந்தும் வெகுகாலம் ஆகிறது. எப்போதாவது மனசு கேட்காத நாளில் பெட்டியைத் திறந்து அந்தத் துண்டை முகர்ந்து பார்ப்பேன். அம்மாவின் முகத்துக்காகத்தான் முகர்கிறேன், ஆனால் அது எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. கண்ணை மூடினால் வருவது, கன்னம் இரண்டிலும் வட்டமாகப் பூசிக்கொண்டு சேற்றில் நின்று சண்டை போடுகிற அத்தைதான்.