எண்ணெய் பூசிய பிறகு

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் வந்த புற்று ஈரலுக்கும் போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நான் அப்போது அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் ஓடிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் போர்வெல் வண்டி, அதற்கும் முன் பெரம்பலூரில் பருத்தி மூட்டை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எந்த வேலையிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. செய்தி வந்ததும் லாரியை விட்டு இறங்கி, ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் அவள் இருந்த ஊருக்குப் போனேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். நினைவு தப்புவதற்குள் மாதா கோயில் சாமியாரை அழைத்து வந்து அவஸ்தை பூச வேண்டும், சாகக்கிடப்பவர்களுக்குச் செபித்துப் பூசும் எண்ணெய். பூசிவிட்டால் நேராக மகளிடம் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு வயதில் காய்ச்சலில் போன மகள். அக்காவுக்கு வேறு பிள்ளை இல்லை.

அக்கா புருஷன் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாமியார் எண்ணெயோட வாசல்ல கால வச்சா அப்புறம் என்ன இருக்கு மாப்ள? நானே அவளத் தூக்கிக் குழியில போட்ட மாதிரி."

எங்கள் வேதக்காரச் சனத்தில் எல்லா வீட்டிலும் இந்தப் பயம் உண்டு. மூச்சு இழுக்கும்வரை தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடுவார்கள். சாமியார் வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள். அக்கா மறுபடியும் என் கையைப் பிடித்துக் கேட்டபோது, மாமாவிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன். அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

சாமியார் அவள் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி, நற்கருணை அப்பம் கொடுத்தார். போகும்போது, "இது நோயாளிக்குத் தெம்பு குடுக்குறதுக்குங்க. மருந்த நிறுத்திராதீங்க, சாப்பிடக் குடுங்க" என்று எல்லாரிடமும் சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை.

அன்று சாயங்காலமே வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. பெண்கள் செபமாலையோடு உட்கார்ந்தார்கள். மாமாவின் அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "பூசியாச்சு. இனி சுத்தமாப் போகட்டும்." வலி மாத்திரையை மட்டும் நான் எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு வாய் பாலோடு கொடுத்துவந்தேன்.

அக்கா சாகவில்லை. நாட்கள் போயின. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி குனிந்து பார்த்து, "என்னடி, எண்ணெயும் வச்சாச்சு, இன்னும் கெளம்பலையா?" என்றாள்.

"மோட்சத்துக்கு நேர் பஸ் இல்லடி. டவுன் பஸ்தான். எல்லா ஸ்டாப்புலயும் நின்னுல்ல போவுது" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மதியம் கூட்டம் சாப்பிடப் போனதும் அந்தச் சிரிப்பு இல்லை. "தம்பி, நான் இந்நேரம் போயிருக்கணும்ல? எம்புள்ள என்னய வேணாங்குதோ?"

ரோட்டில் லாரிக்கு அடியில் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தின் மேல் மண்ணைக் கொட்டுவார்கள், அதன்மேல் வண்டிகள் போகும். அந்த ஆட்கள் வேறெங்கோ போய்ச் சேர்ந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

"பசிக்குதாக்கா?" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பசிக்குதுடா. வெளிய சொல்லிராத. அவஸ்தை பூசுனவளுக்குப் பசிக்கலாமா? எம்மேல ஏதோ பாவம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதான்."

"உயிர்த்து வந்த ஆண்டவரே, திங்க என்ன இருக்குன்னு கேட்டாருக்கா. மீன் குடுத்தாங்க, தின்னாரு."

"பொய் சொல்லாதடா."

"கோயில்ல படிச்சாங்கள்ல, ஈஸ்டர் முடிஞ்சு?"

என் பக்கம் திரும்பினாள். "ஆமாண்டா. மீனுதான்."

கொள்ளிடக்கரைக்குப் போய்க் கெண்டை வாங்கி வந்தேன். மாமாவின் அக்கா வழியை மறித்தாள். "சாவு வூட்டுல கவிச்சியா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"இது இன்னும் சாவு வூடு இல்ல" என்று மாமாதான் சொன்னார். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் உட்கார்ந்து செதிலை உரசினார்.

குழம்பில் பிசைந்த சோறு அவளுக்கு இரண்டு வாய்கூட இறங்கவில்லை. ஒரு வாய் திரும்பி வந்துவிட்டது. துடைத்துவிட்டேன். முகத்தில் ஏதாவது தெளிவு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. முன்னைவிடப் பயந்த மாதிரிதான் இருந்தது. ராத்திரி என்னைக் கூப்பிட்டாள்.

"அங்க எம்புள்ளைய எனக்கு அடையாளம் தெரியுமாடா? கைப்புள்ளயா போனது. இப்ப எப்படி இருக்கும்?"

"தெரியும்க்கா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்."

"தெரியாட்டியும் சொல்லு."

சொன்னேன். உன் பிள்ளையைப் பார்ப்பாய், உனக்குத் தெரியும், அதற்கும் உன்னைத் தெரியும் என்று சொன்னேன். நிறுத்தினால் விரலை அசைத்தாள், மறுபடி சொன்னேன். நம்பினாளா என்று கேட்கவில்லை. நான் நம்பவில்லை. ஆனாலும் வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. விடிந்து வெயில் கட்டில்வரை வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமா அவள் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"போதும் மாப்ள" என்றார்.