உட்கார வைக்கும் பெட்டி

அண்ணன் அவள் வீட்டில் தேநீரை நின்றுகொண்டேதான் குடிப்பார். கதவு நிலையில் தோளைச் சாய்த்து, ஒரு காலை மடித்து மறுகாலில் முட்டுக்கொடுத்து, ஊதி ஊதி நாலு வாயில் முடித்துவிடுவார். எத்தனையோ வருஷமாக இதே கதைதான்.

"உட்காருங்கண்ணா."

"இல்ல பாப்பா, போகணும்."

எங்கே போகணும் என்று அவள் கேட்டதில்லை. அது அவருக்கே தெரியாது என்பது அவளுடைய சந்தேகம்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் நின்றதையெல்லாம் ஓடவைக்கிற மனிதரை ஓர் இடத்தில் உட்காரவைக்க ஆளில்லை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியே ஐம்பதைத் தாண்டிவிட்டார்.

அவள் கணவரோ பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் உட்கார்ந்தே சம்பாதிப்பவர். மச்சானுக்குக் கொக்கு என்று பேர் வைத்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வரும்போது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்: "கொக்கு நிக்குதா, பறந்துடுச்சா?"

அவள் சிரித்துவைப்பாள். ஆனால் உள்ளுக்குள் ஒன்று சுருக்கென்று தைக்கும். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவளுக்கு மிச்சமிருந்த பிறந்த வீடு என்பது அந்த ஒற்றை மனிதர்தான். அந்தப் பிறந்த வீடு வாரத்துக்கு ஒருமுறை வந்து, வாசற்படியில் பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விடுகிறது. ஒரே ஒரு மணி நேரம் அது உட்கார்ந்தால் போதும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, பிடிப்பை இளக்குவது, ஜிப் மாற்றுவது எல்லாம் செய்வாள். படிப்பு பாதியில் நின்ற வயதிலிருந்து இதே வேலை. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். வாய் அதிகம் திறக்கமாட்டாள். அந்த அறையில் அவளைவிடத் தையல் மெஷின்தான் நிறையப் பேசும். ஆனால் கண் சும்மா இருக்காது. வாடிக்கையாளர் படியேறி வரும்போதே யாருக்கு இடுப்பு பெருத்திருக்கிறது, யார் வீட்டில் சண்டை என்று தெரிந்துவிடும்.

ஜிப் வாங்கப் போகிற தெருவில் புதிதாக ஒரு கடை வந்தது. பொம்மைப் படைகளை மேஜைமேல் பரப்பிப் போர் நடத்துகிற ஆட்டங்கள் விற்கும் கடை. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் சின்ன மலை, இடிந்த மதில், அதைச் சுற்றிக் கட்டைவிரல் உயரத்தில் சிப்பாய்கள். கேடயத்தில் கீறல்கூட வரைந்திருந்தார்கள். அவள் ஜிப் கடைக்குப் போகும்போதும் நின்று பார்த்தாள், திரும்பும்போதும் பார்த்தாள். அடுத்த வாரம் ஜிப் தேவைப்படாமலே போனாள். ஒன்றைக் கவனித்தாள். அந்தக் கடைக்குள் போகிற ஆண்கள் யாரும் சீக்கிரம் வெளியே வருவதில்லை.

சின்ன வயதில் அவளும் அண்ணனும் பொத்தான் சண்டை போடுவார்கள். அம்மாவின் பொத்தான் டப்பாவைத் தரையில் கவிழ்த்து, கறுப்புக் கோட்டுப் பொத்தான்கள் அண்ணன் படை, வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள் இவள் படை. கால்சட்டைக் கொக்கிகள்தான் குதிரை. தோற்பது எப்போதும் இவள். ஆனால் அண்ணன் அப்போது சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

மூன்றாம் வாரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனாள். கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாள்.

"யாருக்கும்மா? பையனுக்கா?"

"அண்ணனுக்கு."

"வயசு?"

"ஐம்பத்தி ரெண்டு."

"சரியான வயசு. இதுக்கு முன்னாடி ஆடியிருக்காரா?"

"பொத்தான் வெச்சு ஆடியிருக்கார்."

கடைக்காரம்மா சிரிக்கவில்லை. அதனாலேயே அவளுக்கு அந்தம்மாவைப் பிடித்துப்போயிற்று. புதிதாகத் தொடங்குபவர்களுக்கென்றே ஸ்டார்ட்டர் செட் வரும் என்று சொல்லி, இரண்டு பெட்டிகளை எடுத்துவைத்தாள். பெரியதில் இரண்டு முழுப் படைகள், எல்லாம் வர்ணம் பூசித் தயாராக இருந்தன. சின்னதில் சிப்பாய்கள் கொஞ்சம்தான். அதுவும் கை வேறு, தலை வேறாகச் சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. நறுக்கி, ஒட்டி, நாமே வர்ணம் பூச வேண்டும்.

"முதல் தடவைன்னா சின்னதுதான் சுலபம். ஆளும் கம்மி, விதியும் கம்மி. கையால செஞ்ச படைன்னா ஒரு பாசமும் வரும்."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எந்த ஆட்டம் ரொம்ப நேரம் இழுக்கும்?"

"சீக்கிரம் முடியறது எதுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க!" கடைக்காரம்மா இப்போது சிரித்தாள். "பெருசுதான். ஒரு மத்தியானத்தையே முழுங்கிடும்."

அவள் பெரியதையே வாங்கிக்கொண்டாள். வேலை செய்து களைத்து வருகிற மனிதரிடம் நறுக்கு, ஒட்டு என்று இன்னொரு வேலையைக் கொடுப்பதா?

ஞாயிறன்று துணி வெட்டும் மேஜையைத் துடைத்து, மலை, மதில், படைகள் எல்லாவற்றையும் பரப்பிவைத்தாள். அண்ணன் வந்தார். நிலையில் சாய்ந்தார். தேநீரை ஊதினார். இரண்டாவது வாயில் கண் மேஜைமேல் போயிற்று.

"இது என்ன பாப்பா?"

"பொத்தான் சண்டை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பாதித் தேநீரோடு வைத்தார்.

யாரை எத்தனை அங்குலம் நகர்த்தலாம், எப்போது பகடை உருட்டலாம் என்று விதிப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாகப் படித்துக்கொண்டார்கள். அளக்க அவள் கழுத்து டேப்பையே எடுத்தார்கள்.

"டேப்பை இழுத்துப் பிடிக்காத. அரை அங்குலம் திருடுற."

"டேப்பைத் தொட்டே பொழைக்கிறவகிட்ட வந்து அளவு சொல்றீங்களா?"

"அப்படித்தான் எல்லார் கால்சட்டையும் குட்டையாப் போகுது போல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணனின் குதிரைப் படை மலையைச் சுற்றி வந்தது. அவளுடைய வில்லாளிகள் மதிலுக்குப் பின்னால் பதுங்கினார்கள். பகடை ஒருமுறை மெஷினுக்கு அடியில் ஓடிப்போய், கறுப்பு நூலோடு திரும்பி வந்தது. மத்தியானம் கரைந்தே போயிற்று.

ஆனால் அண்ணன் நின்றுகொண்டே இருந்தார்.

அவள் முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். அவர் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, குனிந்து, நிமிர்ந்து, மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். இன்னொரு தடவை போட்டாள். அதன்மேல் விதிப் புத்தகத்தை வைத்தார்.

கணவர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "மச்சான், இன்னும் நிக்கிறீங்களா?"

"உட்கார்ந்தா அந்தக் கோடி தெரியலை மாப்ளே."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துணி வெட்டும் மேஜை நின்று வேலை செய்வதற்கென்றே உயரமாக அடித்தது. அவளே அதன் முன்னால் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அந்தக் கடைக்குள் போன ஆண்களும் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். வாரக்கணக்கில் கண்ணாடி வழியாகப் பார்த்தவள், அதை மட்டும் பார்க்கத் தவறிவிட்டாள்.

கணவர் அவள் காதருகே குனிந்தார். "பத்து நிமிஷம் நின்னவரை ஒரு மத்தியானம் பூரா நிக்கவெச்ச பெருமை உன்னைத்தான் சேரும் தாயே!"

ஆட்டத்தில் அவள் தோற்றாள். அண்ணன் சந்தோஷத்தில் கையை வீச, சட்டைக் கை மாட்டி ஒரு சிப்பாயின் ஈட்டி முறிந்துவிட்டது.

"அடடா!" அண்ணன் முகம் சின்னப் பிள்ளை முகமாயிற்று. "பசை இருக்கா பாப்பா? நூல் பிடுங்குற இடுக்கியும் குடு. வெளிச்சம் பத்தலையே."

வெளிச்சம் இருந்தது தையல் மெஷின் விளக்கில். விளக்குக்கு முன்னால் அவளுடைய நாற்காலி. அண்ணன் போய், கொஞ்சமும் யோசிக்காமல், அதில் உட்கார்ந்தார்.

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் ஒரு முறைப்பில் அவரை அடக்கினாள்.

பசை காய்கிறவரை ஈட்டியை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். கண்ணும் கையும் அதில் இருந்ததால் அண்ணனின் வாய் தன்பாட்டுக்குப் பேசத் தொடங்கியது. போன வாரம் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு கணவன் மனைவியை மீட்கப் போய் அவர் கதவைத் திறந்தாராம். "இன்னும் அஞ்சு நிமிஷம் மூடி வைங்க, சண்டை முடியலை" என்றாளாம் மனைவி. அவள் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கைத் துருத்துவாளே, ஞாபகம் இருக்கா என்றார் அண்ணன். கேட்கும்போது அவருடைய நாக்கும் அப்படியே துருத்திக்கொண்டிருந்தது. ஈட்டி ஒட்டிக் காய்ந்தபிறகும் அவர் எழுந்திருக்க மறந்துபோனார்.

மறுநாள் கடை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள்.

"ஆட்டம் பிடிக்கலையாம்மா?" என்றாள் கடைக்காரம்மா.

"ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்தச் சின்னப் பெட்டியும் வேணும். கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்னு கிடக்குமே, அது."

"அதைத்தானே நான் முதல்லயே சொன்னேன், சுலபம்னு?"

"நீங்க சுலபம்னு சொன்னீங்க. எனக்குக் கஷ்டமா இருக்கணும்." அவ்வளவு பேசியதற்கே அவள் முகம் சிவந்துவிட்டது. கொஞ்சம் தயங்கி, "இருக்கிறதுலயே பொடிப் பிரஷ்ஷா ஒண்ணு குடுங்க" என்றாள்.

இப்போதெல்லாம் ஞாயிறு மத்தியானம் மெஷின் விளக்கடியில் இரண்டு நாற்காலிகள் கிடக்கின்றன. அண்ணன் கேடயங்களுக்கு வர்ணம் பூசுகிறார். அவள் சிப்பாய்களுக்குக் கண் வரைகிறாள். பெரிய பெட்டி பரணில் இருக்கிறது, எப்போதாவது இறங்கும். சின்னப் பெட்டியில் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, குதிரைகளுக்கே வால் ஒட்டியாகவில்லை. தேநீர் ஆறிப்போகிறது என்று கணவர் உள்ளேயிருந்து சத்தம் போடுகிறார். அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்.