கந்தூரிக்கு மறுநாள் எடுத்த டிராஃப்ட்

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருந்தேன். பழைய வவுச்சர் கட்டுகளை எட்டு வருஷம் வைத்திருப்போம்; பிறகு பட்டியல் போட்டு எரித்துவிடுவோம். பட்டியல் வேலை என் தலையில் விழுந்தது. அந்த அறை முழுக்கத் தூசி, எனக்கோ தும்மல் ஆரம்பித்தால் நிற்காது. சாக்குச் சொல்லி ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். மேலாளர் வாங்கு வாங்கென்று வாங்கிய பிறகுதான் முடித்தேன். சனிக்கிழமை எரிப்பதாக ஏற்பாடு.

அந்தத் திங்கட்கிழமை ஒரு முஸ்லிம் அம்மாள் வந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு வீடு வாங்கி, பாக்கித் தொகையை எங்கள் கிளையில் டிராஃப்ட் எடுத்துப் வீட்டை விற்ற புதுச்சேரிக்காரருக்கு அனுப்பியிருக்கிறார். விற்றவர் பிறகு இறந்துபோனார். பாக்கி வரவே இல்லை என்று அவர் மகன் இப்போது வக்கீல் நோட்டீஸ் விட்டிருந்தார். இந்த அம்மாளின் குடும்பத்தில் வீடு மகளுக்குத்தான். மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ்.

"டிராஃப்ட் என்னைக்கு எடுத்தீங்கக்கா?"

"கந்தூரிக் கொடி ஏறின மறுநாள் தங்கச்சி. நல்லா ஞாவகம் இருக்கு."

இவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த வருஷம் தர்காவில் கந்தூரி விழா மாசியில் அப்போதுதான் முடிந்திருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மாசிக் கட்டுகளை அவிழ்த்தேன். மூன்று நாள் தும்மியதுதான் மிச்சம். எடுக்காத டிராஃப்டை எடுத்ததாகச் சொல்கிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை மறுபடி வந்தார். "மாசி முழுக்கப் பாத்துட்டேன்க்கா, இல்ல" என்றேன் கடுப்பாக.

"மாசியா? அன்னைக்கு என்னா வெயிலு! இந்த வரிசையிலதான் மயக்கம் போட்டு விழுந்தேன்."

"கந்தூரி மாசியிலதானே வருது?"

அவ்வளவு கவலையிலும் சிரித்துவிட்டார். "எங்களுக்குப் பிறைக் கணக்குல்ல தங்கச்சி! வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி வந்துடும்."

நான் அம்பகரத்தூர்க்காரி. எங்கள் அம்மன் திருவிழா எந்த வருஷமும் அதே மாதம்தான். வருஷம் தவறாமல் கந்தூரிக் கடைகளில் வளையல் வாங்கியவளுக்கு இது மட்டும் மண்டையில் ஏறவில்லை. விரல் விட்டு எண்ணினேன். அப்படியானால் ஒன்பது வருஷத்துக்கு முன் கந்தூரி மூன்று மாதத்துக்கு மேல் பிந்தி வந்திருக்க வேண்டும். வைகாசி!

வைகாசிக் கட்டுகள் ஏற்கெனவே கோணியில் ஏறிக் கொல்லைப்புறம் போயிருந்தன. பியூனும் நானும் ஒவ்வொரு கோணியாகக் கவிழ்த்தோம். நாலாவது கோணியில் இருந்தது, டிராஃப்டுக்காக அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பம். வீட்டை விற்றவர் பெயர், தொகை, இவர் கையெழுத்து எல்லாம் தெளிவாக இருந்தன. "அல்ஹம்துலில்லாஹ்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மேலாளர் சான்றிட்ட நகலைக் கொடுத்தார். அதைக் கண்டதும் விற்றவரின் மகன் நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சனிக்கிழமை மற்ற கட்டுகளை எரித்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அதில் யார் யாருடைய வீடு இருந்ததோ என்று மனசு அடித்துக்கொண்டது.

நிக்காஹ் அந்த வீட்டிலேயே நடந்தது. வாசலில் தயங்கி நின்ற என்னை அந்த அம்மாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "இந்த வூட்டை நமக்கு மீட்டுக் குடுத்தவங்க இவங்கதான்" என்றார் மகளிடம். நான் சந்தேகப்பட்டது அவருக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஒரு துண்டு அல்வாவை என் வாயில் ஊட்டிவிட்டார்.