வலப்பக்கம் வர்றான், குதி!

“அடுத்தது நூலகம். இறங்குற இடத்துல தண்ணி தேங்கியிருக்கு, ஒரு எட்டு தள்ளியே கால் வைங்க. மரத்தடியில சைக்கிள் ஒண்ணு சாஞ்சு கிடக்கு, தடுக்கிடாதீங்க.”

பேருந்தை வளைவில் திருப்பியபடியே மைக்கில் சொல்லிவிட்டு, நிறுத்தத்தை ஒட்டி நிறுத்துகிறாள். நிறுத்தங்களின் பெயரைச் சொல்வதற்கு வண்டியிலேயே பதிவு செய்த குரல் ஒன்று இருக்கிறது. அது பெயரை மட்டும் சொல்லும். தண்ணீரைச் சொல்லாது, சைக்கிளைச் சொல்லாது. அதனால் அது வாயை மூடியதும் இவள் வாயைத் திறப்பாள்.

ஒருமுறை டை கட்டிய பயணி ஒருவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தார். “கொஞ்சம் பேசாம ஓட்டுங்களேன்மா. தலை வலிக்குது.”

“நீங்க கண்ணை மூடித் தூங்குங்க சார். உங்க ஸ்டாப் வந்தா நானே எழுப்பறேன்.”

அப்படியே எழுப்பினாள், குடை கம்பியில் தொங்குவதையும் சேர்த்துச் சொல்லி. மறுநாளிலிருந்து அவர் அவளுக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்து, ஒரு கவலையும் இல்லாமல் குறட்டை விடுகிறார்.

பணிமனையில் அவளுக்குக் ‘கமெண்டரி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் நினைவுக்கு வரும். வீட்டிலும் இதே கதைதான். கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கண் இரண்டும் பளிச்சென்று தெரிகிறவன். அவனுக்குச் சாப்பாடு வைக்கும்போதும், “தண்ணி வலது கைப்பக்கம் இருக்கு, தட்டு ஓரத்துல சூடு” என்பாள். “எனக்குத் தெரியுது தாயே” என்று அவன் கையெடுத்துக் கும்பிடுவான். சினிமாவுக்கு அவளோடு போவதை அவன் எப்போதோ விட்டுவிட்டான். திரையில் ஒருவன் கத்தியை உருவுவதற்கு முன்பே, “இடுப்புல கை வைக்கறான் பாரு” என்று பக்கத்தில் குரல் வந்தால் யாரால் படம் பார்க்க முடியும்?

“இதெல்லாம் எங்கக்கா கத்துக்கிட்டீங்க?” என்று புதிதாக வந்த ஓட்டுநர்கள் கேட்பார்கள்.

“பாதாளத்துல” என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டைத்தான் சொல்கிறாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது, அவளும் தம்பியும் அப்பா அம்மாவோடு குடியிருந்தது உதிரிபாகக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில். அப்பா சரக்கு லாரியோடு ஊர் ஊராகப் போய்விடுவார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் புடவையில் எந்நேரமும் சோடாத்தூள் வாசம். டிவி ரிப்பேர் செய்யும் சித்தப்பாதான் ஒருநாள் அந்தக் கறுப்பு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். ரிப்பேருக்குக் கொடுத்த ஆள் திரும்பி வரவே இல்லையாம். பெட்டியோடு வந்தது ஒரே ஒரு டிஸ்க். அதிலிருந்ததுதான் சூலக்காரனின் விளையாட்டு.

அது எந்த நாட்டுப் புராணமோ, இன்றுவரை அவளுக்குத் தெரியாது. திரையில் வந்த எழுத்து ஒன்றும் அவளுக்கோ தம்பிக்கோ படிக்க வராது. பூமி பிளந்து ஒரு சின்னப் பெண்ணை விழுங்கும். சடையைத் தூக்கிக் கட்டிய ஒருவன் சூலத்தோடு அந்தப் பிளவுக்குள் குதிப்பான். அவள் அவனுடைய தங்கை என்று அக்காவும் தம்பியும் முடிவு செய்தார்கள். கீழே போகப் போக ஒவ்வொரு உலகம். எரிகிற ஆறு. பித்தளைச் சிறகு வைத்த பெண்கள். வாசலுக்கு வாசல் கோடாலியோடு நிற்கிற எருமைத்தலையன். ஒருவனைச் சாய்த்தால் அடுத்த வாசலில் அவனுடைய அண்ணன் நிற்பான், இன்னும் பெரிய கொம்போடு. பெட்டி சூடேறினால் வரும் பிளாஸ்டிக் வாசம்கூட அவளுக்கு அந்த எரிகிற ஆற்றின் வாசமாகத்தான் இன்றும் ஞாபகம்.

ஒரே ஒரு கன்ட்ரோலர். யார் முறை என்பதில் தினமும் குடுமிப்பிடி. தம்பிக்குக் கை வேகம் அதிகம். ஆனாலும் குகைக்குள் நுழைந்தால் மட்டும் அவன் ஆள் பொத் பொத்தென்று பள்ளத்தில் விழுந்தான்.

“டேய், கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்க? பள்ளம் தெரியல?”

“தெரியலக்கா” என்றான் அவன், அதில் என்ன அதிசயம் என்பதுபோல.

பள்ளிக்கூடத்திலும் கரும்பலகை தெரியவில்லை. பொழுது சாய்ந்தால் படிக்கட்டும் தெரியவில்லை. கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டார்கள், கண்ணாடிதான் தடித்தது. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. “அந்தப் பொட்டிதான் பையன் கண்ணைத் தின்னுது” என்று பெட்டியைப் பழைய விரிப்பில் சுற்றி அலமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டாள். தம்பி அழவில்லை. அலமாரியைப் பார்த்தபடி படுத்துக்கொள்வான்.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் எல்லாம் பார்த்து முடித்து, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். “பிறப்புலயே இருக்குற குறைம்மா. கொஞ்சம் கொஞ்சமா மங்கிக்கிட்டே வரும். இதை நிறுத்த இப்போதைக்கு மருந்து இல்ல.”

அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. “அப்ப, அந்த விளையாட்டால வரலையா?”

“இல்லம்மா. எதனாலயும் வரல.”

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, காலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியைப் போட்டு ஏறினாள். விரிப்பை உதறிப் பெட்டியை இறக்கினாள். டிவி முன்னால் மண்டி போட்டு, மஞ்சள் ஒயரை வெள்ளைத் துளையில் திணித்துத் திணித்துப் பார்த்தாள். “எது எதுல போகும்? யாராவது சொல்லித் தொலைங்களேன்!” என்று கத்தியவளின் குரல் பாதியில் உடைந்தது. மகள் ஓடிப்போய் ஒயரை வாங்கி மாட்டினாள்.

“விளையாடுங்க” என்றாள் அம்மா. “எவ்வளவு நேரம் வேணும்னாலும் விளையாடுங்க.” சமையலறைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குப் பிறகு முறைக்காகச் சண்டை போடுவது நின்றது. கன்ட்ரோலர் தம்பிக்கு; திரை அக்காவுக்கு. அவன் காலடியில் அவள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவன் அடித்தான்.

ஆரம்பத்தில் அவளுக்குச் சொல்லவே வரவில்லை. “அங்க வர்றான்டா, அங்க!” என்று கத்துவாள்.

“அங்கன்னா எங்கக்கா?”

அதற்குள் கோடாலி விழுந்துவிடும். நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வார்த்தையாகிவிடுவதில்லை என்பது அவளுக்கு அப்படித்தான் புரிந்தது. மெல்ல மெல்லப் பழகினாள். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், கையில் என்ன, எப்போது ஓங்குகிறான். அழகெல்லாம் அப்புறம், ஆபத்து முதலில். “வலப்பக்கம் வர்றான், கிட்ட வந்துட்டான், கோடாலி மேல போகுது, குதி!” சூலக்காரன் குதிப்பான். சண்டை ஓய்ந்த இடங்களில் தம்பியே கேட்பான், “இப்ப அழகைச் சொல்லு.” ஆற்றின் நிறம், தூணில் சுற்றிய பாம்பின் கண், சிறகுப்பெண்ணின் முகத்திலிருந்த சோகம் எல்லாம் அப்போது சொல்வாள். இல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வாள்.

அவனோ காதைத் தீட்டிக்கொண்டே வந்தான். எருமைத்தலையன் ஓங்குவதற்கு முன் மூச்சை இழுக்கிறான் என்பதை அவன்தான் கண்டுபிடித்தான். “கேளு, இப்ப இழுக்கறான் பாரு” என்று இவளுக்கு முந்திக்கொண்டு குதிப்பான். திரையில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் அவன் கண்ணைவிட்டுப் போனபோது, இருவரும் பாதாளத்தின் கடைசி வாசலுக்கு வந்திருந்தார்கள்.

பெரிய பித்தளைக் கதவு. காவல் நின்றவனைச் சாய்த்தாயிற்று. கதவு ஒரு விரற்கடை திறந்தது. அவ்வளவுதான், படம் அப்படியே உறைந்துபோனது. ஒலிபெருக்கியில் ஒரே சத்தம் இழுத்துக்கொண்டே நின்றது. டிஸ்கில் கீறல். பாவாடை நுனியால் துடைத்தார்கள், பற்பசை தடவினார்கள், சித்தப்பா தன் வித்தையெல்லாம் காட்டினார். எத்தனை தடவை வந்தாலும் அதே கதவு, அதே விரற்கடை.

ஒரு சாயங்காலம் தம்பி கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். “இதுக்கு மேல போகாது, தெரியும். நீ சொல்லுக்கா. கதவு திறந்தா உள்ள என்ன இருக்கும்?”

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “உள்ள போறான். ஒரே இருட்டு. சூலத்தை ஓங்கிட்டு நிக்கறான். பார்த்தா, எல்லாருக்கும் மூத்த எருமைத்தலையன் தோள்மேல தங்கச்சி ஜம்முனு உட்கார்ந்திருக்கா. அவன் கொம்புல பூச்சுத்தி விட்டிருக்கா. ‘ஏண்டா இவ்வளவு லேட்டு?’ங்கறா.”

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும், “அப்புறம்?” என்றான்.

“அப்புறம் என்ன, மேல வரணும். இவனுக்குத்தான் வழி மறந்து போச்சே. அவ முன்னால நடக்கறா. படி எங்க இருக்கு, பள்ளம் எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டே நடக்கறா.”

காலம் யாரைக் கேட்டு ஓடுகிறது? பெட்டி ஒருநாள் புகைந்து அடங்கியது. தம்பி பார்வையற்றோர் பள்ளி விடுதிக்குப் போனான். இவள் அப்பாவின் லாரியில் ஸ்டீயரிங் பிடித்துப் பழகினாள். இப்போது தம்பிக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கிற வேலை. கோபமாகக் கத்துகிறவர்களையெல்லாம், “முதல்ல குழாயைத் திறந்து போனை அதுகிட்ட வைங்க, அது என்ன சொல்லுதுன்னு கேட்போம்” என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவான். அவனுக்கு ஒரு மகள்; அப்பாவின் குறும்பு, அத்தையின் வாய்.

போன மாதம் அவனிடமிருந்து போன். “அக்கா, சூலக்காரன் வந்துட்டான். அதே மாதிரிப் பெட்டி, கீறல் இல்லாத டிஸ்க். எங்கெங்கயோ சொல்லி வச்சு வாங்கினேன்.”

பள்ளி விடுமுறையின் கடைசி நாளில், வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் போய் நின்றாள். மருமகள் விடுமுறை முழுக்க விளையாடிக் கடைசி வாசல்வரை வந்து வைத்திருந்தாள். “அத்தை வந்தாத்தான் கதவைத் திறக்கணும்னு அப்பா சொல்லிட்டாங்க.”

திரையைப் பார்த்ததும் அவளுக்கு மனசு சுருங்கியது. இவ்வளவு சின்னதா அந்தப் பாதாளம்? எரிகிற ஆறு ஆரஞ்சுக் காகிதம் மாதிரி இருந்தது. எருமைத்தலையனின் முகம் தீப்பெட்டிக்கு மூக்கு வைத்தாற்போல. தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். தரையில் சம்மணமிட்டு, முகத்தை உயர்த்தி, அந்தப் பழைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் சிறுத்துப்போகவில்லை.

மருமகள் காவலனை அடித்துச் சாய்த்தாள். கதவு விரற்கடை திறந்தது. நிற்கவில்லை. இன்னும் திறந்தது.

“அத்தை, தங்கச்சி அந்த மூத்தவன் தோள்லதானே உட்கார்ந்திருப்பா? அப்பா சொல்லியிருக்காங்க.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கதை இந்தக் குழந்தைவரைக்குமா வந்திருக்கிறது! கதவுக்குப் பின்னால் எலும்புக்கூடு இருந்தால்? ஒன்றுமே இல்லாவிட்டால்?

“உள்ள போறான் அத்தை! நீங்க சொல்லுங்க, நான் விளையாடறேன்.”

“சொல்லுக்கா” என்றான் தம்பியும்.

பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். நாற்காலியிலிருந்து எழுந்து தம்பியின் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள்.

“நீயே சொல்லும்மா. அவசரமில்ல, பார்த்துச் சொல்லு. நாங்க ரெண்டு பேரும் கேட்கறோம்.”

சொல்லிவிட்டு, திரைக்கு முதுகு காட்டித் திரும்பி, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.