மேலுமலை இறக்கமும் அரை லோடு டேங்கரும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர். சமையல் எண்ணெய் வியாபாரத்துக்காகப் பதினாறு வருடமாகப் போய்வரும் சாலை. 2007 ஆகஸ்டில் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால், முதல்முறையாக என் சொந்த டேங்கர் லாரியிலேயே ஏறிப் போனேன். இந்த வழியில் டேங்கர் ஓட்டுபவர்களும், முக்கியமாக அதை வாங்கி விட்டிருப்பவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். பெருமையாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

ஓசூர் பிஸ்கட் கம்பெனியில் ஆறு டன் இறக்கிவிட்டு, மீதி ஆறு டன்னோடு 11.10க்குக் கிளம்பினோம். பன்னிரண்டரைக்குள் கிருஷ்ணகிரி போய்ச் சேராவிட்டால் அன்று சரக்கை இறக்க மாட்டார்கள். டிரைவர் மாரியப்பன், மத்தூர்க்காரர், வேகத்தில் நாற்பதைத் தாண்டவே இல்லை.

“பாதி வண்டி காலி, மாரி. ஏன் சாமி ஊர்வலம் மாதிரி போற?”

“நெறஞ்ச லோடு சொன்னபடி கேக்குமுங்க. அர லோடு நாம நின்னாலும் நிக்காது. எண்ணெ நம்மள முந்திக்கிட்டு கிருஷ்ணகிரி போயிரும் மொதலாளி.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். எண்ணெய் அலைமோதாமல் இருக்க டேங்குக்குள் குறுக்கே மூன்று தடுப்புத் தகடுகள் இருந்தன. ஒவ்வொரு லோடிலும் அவற்றின் மூலையில் எண்ணெய் தங்கிவிடுகிறது, கழுவவும் சிரமம் என்று, வெட்டி எடுக்கச் சொன்னவன் நான்தான்.

சூளகிரி 11.55. டீ மூன்று ரூபாய். அங்கிருந்து “மிதி, மிதி” என்று நச்சரித்தேன். மேலுமலை இறக்கத்தில் அறுபதில் போகும்போது தக்காளி டிராக்டர் ஒன்று குறுக்கே ஏறியது. பிரேக் பிடித்தார். வேகம் குறைந்தது. அடுத்த நொடி முதுகுக்குப் பின்னால் ‘தொம்’ என்று ஓர் இடி. லாரி மறுபடி முன்னால் பாய்ந்தது. ஸ்டியரிங்கை வெட்டியிருந்தால் கவிழ்ந்திருப்போம். அவர் வெட்டவில்லை. டிராக்டரின் பின்மூலையை உரசிக்கொண்டு, இடப்பக்க மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். ரோடெல்லாம் தக்காளி. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

“எமனுக்கா லோடு எடுத்துட்டுப் போறீங்க?” என்று டிராக்டர்காரர் கத்தினார்.

ரோந்து போலீஸ்காரர் வந்தார். “எவன்யா இவ்ளோ வேகமா வரச் சொன்னது?”

நான் முந்திக்கொண்டேன். “மெதுவாப் போன்னு சொல்லிக்கிட்டேதான் சார் வந்தேன்.”

மாரியப்பன் என்னை ஒரே ஒருமுறை பார்த்தார். லைசென்ஸை எடுத்து நீட்டினார். அது போனால் அவர் வீட்டில் அடுப்பெரியாது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் 9.30க்கு ஸ்டேஷனுக்குப் போய், விரட்டியதும் நான், தகட்டை வெட்டியதும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். “நேத்து இந்த வாய் எங்கய்யா போச்சு?” என்றார் அதே போலீஸ்காரர். லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது.

டேங்கர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தடுப்புத் தகட்டில் கை வைக்காதீர்கள். அரை லோடு லேசான லோடு இல்லை. மேலுமலையில் மேலே இருக்கும்போதே கியரைக் குறைத்துவிட வேண்டும், முன்வண்டிக்கு இரண்டு மடங்கு இடம் விட வேண்டும். டிரைவர் மெதுவாகப் போனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் வாயைத் திறக்கக்கூடாது.

புதுத் தகடுகளை வெல்டிங் செய்து, மாரியப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். டேங்கைத் தட்டிப் பார்த்தார்.

“இனி தைரியமா ஓட்டலாமுங்க,” என்றார். “வேற ஆளப் பாத்துக்கங்க.”