அன்ரி கேட்காத உப்பு

“ஐஸ்பழம் செய்யிறதுக்கும் ஒரு டிகிரியோ?”

கேரம் டவுன்ஸ் கோயிலின் கார்த் தரிப்பிடத்தில் வைத்து அம்மாவுக்குத் தெரிந்த ஓர் அன்ரி இதைக் கேட்டார். என்னிடம் அல்ல, பக்கத்தில் நின்ற அம்மாவிடம். நான் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் ஒரு மெக்சிக்கோப் பெண்ணின் கடையில் வேலை செய்வது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது.

“நீ பாவம், ஒஃபிஸ் ஒஃபிஸாக் கூட்டிக் கழுவி இவளைப் படிப்பிக்கிறாய். இவள் என்னடாவெண்டால் ஐஸ்பழம் விக்கிறாள். என்ர மகள் பார்மசி.”

அம்மா பாதி மாட்டிய செருப்பைப் பார்த்தபடி தலை குனிந்து நின்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவர் அவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அந்தக் குனிந்த தலையை நான் மறக்கவில்லை. மறக்க முயலவும் இல்லை.

கடையில் நாங்கள் விற்பதன் பெயர் பலேட்டா. குச்சியில் வரும் எங்கள் ஐஸ்பழம்தான், ஆனால் நிறத்தண்ணீர் கிடையாது, முழுப் பழம். மாம்பழத்தைப் புளிக்கும் தேசிக்காய்ச் சாறோடு உறையவைத்து, மேலே மிளகாய்த்தூளும் உப்பும் தூவிக் கொடுப்போம். முதல்நாள் கடித்தபோது, மாங்காயை உப்பும் தூளும் தொட்டுத் தின்று வளர்ந்த என் நாக்குக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

பின்னறையில் ஒரு மர வாளி இருக்கும். நடுவில் தகரப் பாத்திரம், சுற்றிவர ஐஸும் கல்லுப்பும். பாத்திரத்தைக் கையால் சுழற்றச் சுழற்ற உள்ளே இருக்கும் பழச்சாறு உறைந்து வரும். வெறும் ஐஸை நம்பாதே, உப்புச் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும் என்று முதலாளி அன்றே சொன்னார். ஏன் என்பதை வகுப்பில் படித்தேன். வெறும் ஐஸ் பூச்சியத்தில் நிற்கும். சீனி சேர்ந்த பழம் உருகாமல் இருக்க அதற்கும் கீழான குளிர் வேண்டும். உப்புத்தான் ஐஸின் குளிரைப் பூச்சியத்துக்குக் கீழே இழுக்கும்.

எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் கோடை விழாவில் ஐஸ் வகைகளுக்கு ஒரேயொரு கடைதான். அதை எனக்குத் தரும்படி கேட்டிருந்தேன். விழாக் குழுவில் அன்ரி இருந்தார். கடை அன்ரிக்கே போனது. அதோடு விட்டாரா? அடுத்த கிழமை வீட்டுக்கு வந்து, முதல் தடவையாக எங்கள் குசினிக் கதிரையில் இருந்தார்.

“பிள்ளை, அந்த மெக்சிக்கன் ஐஸ்பழம் எப்பிடியெண்டு ஒருக்கா எழுதித் தாருமன். சனத்துக்குப் புதுசா இருக்கும்.”

“ஓம் அன்ரி, எழுதித் தாறன்.”

மாம்பழம் எவ்வளவு, சீனி எவ்வளவு, தேசிக்காய் எத்தனை, எவ்வளவு நேரம் உறையவேண்டும் எல்லாம் எழுதினேன். ஒரு சொல்லும் பொய் இல்லை.

“குளிர் காக்கிற எஸ்கிப் பெட்டி ரெண்டு கிடக்கு. பெற்றோல் ஸ்டேசனில ஐஸ் வாங்கிக் கொட்டினால் சரி,” என்று அன்ரி தானே சொல்லிக்கொண்டார்.

“தேத்தண்ணி இன்னும் கொஞ்சம் விடட்டோ அன்ரி?” என்றேன்.

அவர் போனபின் அம்மா கேட்டார். “கடையில ஐஸுக்கு உப்புப் போடுறனீங்களெண்டு சொன்னனீ. அதை அவவுக்கு எழுதேல்லையோ?”

“அவ கேக்கேல்லையம்மா.”

அம்மா ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

விழாவன்று நெருப்பு வெயில். அன்ரி காலையிலேயே ஐஸ்பழம் அடுக்கிய பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மத்தியானம் கடை திறந்தபோது நீண்ட வரிசை. மூடியைத் திறந்து ஒன்றைத் தூக்கினார். குச்சி மட்டும் கையோடு வந்தது. அடுத்தது பாதி உருகிய கட்டியாக வந்து, அவருடைய பட்டுச் சேலையில் விழுந்து வழிந்தது. பெட்டிக்குள் மஞ்சள் தண்ணீரில் குச்சிகள் மிதந்தன.

“அம்மா, இட்ஸ் சூப்!” என்று ஒரு சிறுமி கத்தினாள்.

“ஸ்ரோ இருந்தால் தாங்கோ, குடிச்சிட்டுப் போறம்,” என்றார் வரிசையில் நின்ற ஓர் அங்கிள்.

“பெற்றோல் ஸ்டேசன்காரன் பழைய ஐஸைத் தந்திட்டான்!” என்றார் அன்ரி. அதற்குச் சனம் இன்னும் சிரித்தது. அப்போதுதான் என்னைக் கண்டார். “பிள்ளை, நீர் எழுதினபடிதானே செய்தனான். ஏன் இப்பிடி?”

வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்: “அதை விளங்கிறதுக்கு ஒரு டிகிரி வேணும் அன்ரி.”

அவர் தலை குனிந்து சேலையைத் துடைக்கத் தொடங்கினார். அம்மா நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் ஓரடி விலகி நின்றேன்.

ஏமாந்து நின்ற பிள்ளைகளை நினைத்துக் கொஞ்சம் மனம் கஷ்டப்பட்டது. அன்ரியை நினைத்து இன்றுவரை இல்லை.

அவர் மூடியைத் திறக்க முன்பே, காலையில், அடுத்த வருடக் கடைக்கான விண்ணப்பத்தைக் குழுத் தலைவரின் கையில் கொடுத்திருந்தேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். கீழே கையெழுத்து அம்மாவுடையது. வேறொரு தாளில் மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டு, தானே போட்டார்.